கொலை வழக்கில் மேல்முறையீடும் தள்ளுபடியான பிறகு புதிய சாட்சியம் கிடைத்தால் என்ன வழி?

கொடைக்கிழவி பேத்தி:
என் சித்தப்பா மகன் பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் ஆயுள் கைதி. 2012 மே மாதம் எங்கள் ஊர்க் கோயில் கொடையில் நடந்த வெட்டுக்குத்தில் ஒருவர் இறந்தார். குற்றம் சாட்டப்பட்ட எதிரிகள் ஐந்து பேர், இவன் நான்காவது. செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்தது, மதுரைக் கிளை உறுதி செய்தது. டெல்லிக்குப் போகக் காசில்லாமல் விட்டுவிட்டோம்.

இவனை அரிவாளோடு பார்த்ததாகக் கூண்டில் சொன்ன இரண்டாம் சாட்சி, ஒரு துக்க வீட்டில் வைத்துச் சித்தியிடம், "அவன் அங்கே நிற்கவே இல்லை. பெயரைச் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தேன்" என்றார். எழுதித் தரவும் தயார் என்கிறார். வழக்கை மறுபடி திறக்க முடியுமா? பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுச் செங்கல் சூளைக்குப் போன பையன். கைதானபோது மீசைகூட அரும்பவில்லை.

தென்காசி மாறன்:
மனம் மாறுவதற்குள் நோட்டரியிடம் கூட்டிப்போய்ப் பிரமாணப் பத்திரம் வாங்கிவிடுங்கள்.

பழைய பெஞ்ச் கிளார்க்:
மாறன் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். கொலை வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னேன் என்று எழுதிக் கொடுப்பவர் தன் தலையில் ஒரு வழக்கை ஏற்றிக்கொள்கிறார். இதை ஒரு வக்கீல் விளக்கிச் சொன்னதும் பாதிப் பேர் வாபஸ் வாங்கிவிடுவார்கள். வாங்காமல் நின்றாலும் பெரிய பலனில்லை. மேல்முறையீடு நிலுவையில் இருந்திருந்தால் கூடுதல் சாட்சியம் எடுக்கும்படி கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 391, இப்போதைய புதிய சட்டத்தில் 432. தீர்ப்பு சொல்லி முடித்த நீதிமன்றம் எழுத்துப்பிழையைத் தவிர எதையும் திருத்த முடியாது.

ராஜீவ் காந்தி கொலையில் தண்டனை பெற்ற பேரறிவாளன் வழக்கைப் பாருங்கள். வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே, தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதை எழுதாமல் விட்டேன் என்று பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். அப்படியும் 1999 தீர்ப்பைத் திரும்பப் பெறக் கோரிய மனுவை 2018-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2022-ல் அவர் வெளியே வந்தது அரசியலமைப்பின் 142-வது பிரிவு உச்ச நீதிமன்றத்துக்குத் தரும் சிறப்பு அதிகாரத்தின்படி. நிரபராதி என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை.

ஆனால் அம்மா, கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்களே, மீசை அரும்பவில்லை என்று. அன்று அவனுக்கு என்ன வயது?

கொடைக்கிழவி பேத்தி:
போலீஸ் 19 என்று எழுதியது. பதினெட்டு முடியவில்லை என்று ஆச்சி அப்போதே சொல்லிக்கொண்டிருந்தார். வக்கீல் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பழைய பெஞ்ச் கிளார்க்:
சாட்சியை விடுங்கள், முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். சம்பவத்தன்று பதினெட்டு நிறையவில்லை என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும் எழுப்பலாம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 9-வது பிரிவு அதைச் சொல்கிறது. புனேயில் 1994-ல் ஏழு பேர் கொல்லப்பட்ட வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சீராய்வு மனுவும் தள்ளுபடியான வழக்கு அது. ராஜஸ்தான் கிராமப் பள்ளிப் பதிவேட்டின்படி அவருக்கு அப்போது பன்னிரண்டரை வயது.

உங்கள் சம்பவம் 2012 என்பதால் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். அதில் உச்சபட்சம் மூன்றாண்டு, அதுவும் சிறையில் இல்லை, சிறாருக்கான சிறப்பு இல்லத்தில். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லையென்றால் முதலில் சேர்ந்த பள்ளியின் பிறந்த தேதிச் சான்று, பிறகு ஊராட்சிப் பிறப்புப் பதிவு. இவை எதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. வழக்குக்காகப் புதிதாக எழுதிய சான்று எடுபடாது. பழைய மையில் எழுதிய பக்கம் வேண்டும்.

கொடைக்கிழவி பேத்தி:
ஐயா, அந்தப் பள்ளியை மூடிப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். தலைமையாசிரியை பீரோவின் அடித்தட்டிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். சேர்ந்தது ஜூன் 2000. பிறந்த தேதி 12.11.1994. பாதுகாவலர் கட்டத்தில் ஆச்சியின் கைரேகை நீலமாக இருக்கிறது.

சிறையில் மனு போட்டுப் பார்க்கும் நேரத்தில் அவனிடம் சொன்னேன். "கொன்றவன்தான், ஆனால் சின்னப் பையன் என்று விடுவார்களா? எனக்கு அது வேண்டாம்" என்கிறான்.

பழைய பெஞ்ச் கிளார்க்:
பதினேழரை. கொலைக்குப் பன்னிரண்டு வருடம் முந்தைய பதிவு, வழக்குக்காக எழுதியது என்று அரசுத் தரப்பு வாயைத் திறக்க முடியாது.

அவன் கோபம் நியாயமானது. இந்த வழியில் பெரும்பாலும் தண்டனை போகும், குற்றத்தீர்ப்பு நிற்கும். ஆனால் உச்ச நீதிமன்றத்துக்கு நீங்கள் இன்னும் போகவே இல்லை. சிறப்பு அனுமதி மனுவில் வயதையும் கேட்கலாம், இரண்டாம் சாட்சியின் முரண்பாடுகளையும் வாதாடலாம். தொண்ணூறு நாள் கெடு தாண்டிவிட்டதால் தாமதத்தைப் பொறுக்கும்படி தனி மனு சேர்க்க வேண்டும். சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அவனையே சிறைச் சட்ட உதவி மையத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அதற்குள் தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு 313 கேள்வித் தாளையும் வாங்கி வையுங்கள், பழைய சட்டத்தின் 313-ஆம் பிரிவின்படி நீதிபதி எதிரியிடம் கேட்ட கேள்விகளும் பதில்களும் அதில் இருக்கும். அதன் தலைப்பில் எதிரியின் வயது எழுதியிருக்கும். அதில் அவனே 19 என்று சொல்லியிருந்தாலும் பயப்பட வேண்டாம், பதிவேடு அதை வெல்லும். பதிவேட்டைக் கையில் கேட்காதீர்கள், அது பள்ளியிலேயே இருக்கட்டும். நீதிமன்றம் அழைக்கும்போது தலைமையாசிரியை கொண்டுவருவார்.