மாடிப்படி லைட்டைப் போட்டால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழுகிறது, கழற்றிவிடலாமா?

திருச்சி மாடிவீடு:
பழைய வீட்டின்மேல் மாடி எடுத்துக் கட்டியிருக்கிறோம். கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு ஆர்சிசிபி, இரண்டும் 30 மில்லி ஆம்பியர். மாடிப்படிக்கு டூ வே ஸ்விட்ச் (கீழிருந்தும் மேலிருந்தும் போடலாம்). அதில் 9 வாட் எல்இடி பல்பைப் போட்டால் ஏதாவது ஒன்று விழுகிறது, சில நேரம் இரண்டுமே. அரை வாட் நைட் லாம்ப் மாட்டினால் ஒன்றும் ஆவதில்லை. "மேலே இருக்கிறதைக் கழற்றிட்டு எம்சிபி மட்டும் வச்சுக்கலாம்மா" என்கிறார் எலக்ட்ரீசியன். எம்சிபி என்றால் லோடு கூடினால் அணையும் ஸ்விட்ச். செய்யலாமா?

சும்மா ஒருவன்:
100 மில்லி ஆம்பியருக்கு மாற்றிப் பாருங்கள்.

வயர்மேன் அண்ணாச்சி:
தம்பி, 100 போட்டால் ஆர்சிசிபி விழாது, ஆள் விழுந்துவிடுவார். ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்ற 30தான். எம்சிபி வயரைக் காப்பாற்றும், மனுஷனை அல்ல.

அம்மா, எதையும் கழற்ற வேண்டாம். லைட்டுக்கு பேஸ் (கரண்ட் வரும் வயர்) கீழ் போர்டிலிருந்தும், நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) பக்கத்தில் இருக்கிறதே என்று மேல்மாடி பெட்டியிலிருந்தும் எடுத்திருப்பார்கள். போன கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்றுதான் ஆர்சிசிபி பார்க்கும். இங்கே கீழே போன கரண்ட் கீழே திரும்பவில்லை. மேலே போகாத கரண்ட் மேலே வருகிறது. இரண்டுக்குமே அது லீக்கேஜ்தான். 9 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 39 மில்லி ஆம்பியர், விழத்தானே செய்யும்? நைட் லாம்ப் இழுப்பது அதில் கொஞ்சம்தான். ஆர்சிசிபி ஒழுங்காக வேலை செய்கிறது, வயரிங்தான் கோளாறு.

மெயினை அணைத்துவிட்டு, ஹோல்டரில் இருக்கும் மேல்மாடி நியூட்ரலைக் கழற்றி முனையை மூடச் சொல்லுங்கள். கீழ் போர்டிலிருந்து 1.5 ஸ்கொயர் எம்எம் கறுப்பு வயர் ஒன்று இழுத்தால் போதும். பைப்பில் இடம் இருந்தால் அரை நாள் வேலைகூட இல்லை.

திருச்சி மாடிவீடு:
அதேதான் அண்ணாச்சி! ஹோல்டரைக் கழற்றினால் கறுப்பு வயர் நேராக மேல் பெட்டிக்குள் போகிறது. நாளைக்கு மாற்றுகிறார்கள். அப்புறம், மாடிக்கு 5 ஃபேன் வாங்க வேண்டும். பிஎல்டிசி (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள ஃபேன்) அந்த விலைக்குத் தகுமா?

வயர்மேன் அண்ணாச்சி:
தகும். சாதா ஃபேன் 75 வாட், இது 30 வாட் சுமார். தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 27 யூனிட் மிச்சம். நாள் முழுக்க ஓடும் ஹால், படுக்கையறைக்கு முதலில் வாங்குங்கள். விருந்தாளி அறைக்கு சாதாவே போதும். சுவரில் பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் போய்விடும்.