கிண்டிலா, கோபோவா? தமிழ் வாசிக்க எது சரிவரும்?

ஸ்கார்பரோவாசி:
அம்மாவுக்கு ஒரு ஈ-ரீடர் (மின்நூல் வாசிக்கும் கருவி) வாங்க வேண்டும், ஃபோனில் வாசித்தால் கண் எரிகிறது என்கிறா. அமேசானின் கிண்டில் பேப்பர்வைட்டா, கோபோ கம்பனியின் கிளாராவா என்று ஒரே குழப்பம். அவ வாசிப்பது தமிழ் நாவல்கள், ‘நூலகம்’ (noolaham.org) என்ற இணையத் தளத்தில் இறக்கும் பழைய ஈழத்துப் புத்தகங்கள், இடைக்கிடை டொரொண்டோ நூலகத்தில் இரவல் எடுக்கும் ஆங்கிலத் துப்பறியும் கதைகள்.

மார்க்கம் வாசகி:
இரவல் புத்தகம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கோபோ. நூலக மின்நூல்களை இரவல் தரும் ஓவர்டிரைவ் சேவை உள்ளேயே இருக்கு, நூலக அட்டையை ஒருமுறை இணைத்துவிட்டால் அம்மா ரீடரிலேயே தேடி எடுப்பா. ஓவர்டிரைவின் ஆப்பான லிபியிலிருந்து கிண்டிலுக்கு அனுப்புவது அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். இங்கே கனடாவில் அது கிடையாது, கடையில் யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

தாம்பரம்:
ஆனால் தமிழ் நாவல் எங்கே இருக்கு? 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் வந்ததிலிருந்து பதிப்பகங்களும் தனியாக எழுதுகிறவர்களும் அங்கேதான் குவிகிறார்கள். அங்கே காசு கொடுத்து வாங்கியதைக் கோபோவில் திறக்க முடியாது, பூட்டுப் போட்டிருக்கும். போதாக்குறைக்கு வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி யூஎஸ்பியில் ஏற்றும் வசதியையும் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள், அது அநியாயம்தான். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் மாதிரித் தளங்களில் கிடைக்கும் இலவச ஈபப் (மின்நூல் கோப்பு) இரண்டிலுமே ஓடும். கோபோ என்றால் கேபிள் போட்டு நகலெடுக்கலாம், கிண்டில் என்றால் அமேசானின் சென்ட்-டு-கிண்டில் சேவை வழியாக அனுப்பணும்.

பழைய புத்தகப் பைத்தியம்:
நூலகம் தளத்து பிடிஎஃப்பை இருவரும் விட்டுவிட்டீர்களே. அவை பெரும்பாலும் ஸ்கேன், பக்கம் முழுக்க ஒரே படம், எழுத்துரு அளவைக் கூட்டினாலும் ஒன்றும் நடக்காது. கிளாராவின் 6 அங்குலத் திரையில் பெரிதாக்கி இடமும் வலமும் இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும், ஒவ்வொரு இழுப்புக்கும் திரை மினுங்கும். அரைப் பக்கத்தில் அம்மா மூடி வைத்துவிடுவா. 7 அங்குல பேப்பர்வைட்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இதற்கு 10 அங்குலமாவது வேண்டும். ஓனிக்ஸ் பூக்ஸ் என்ற ஈ-ரீடர்களைப் பார்க்கலாம், ஆண்ட்ராய்டு என்பதால் கிண்டில் ஆப், லிபி இரண்டையும் அதிலேயே போடலாம், ஆனால் விலை கடிக்கும். அதில் கோ 10.3 என்ற மாடலுக்குத் திரை விளக்கே இல்லை, படுத்தபடி இரவில் வாசிக்கிறவர்களுக்கு ஆகாது.

ஸ்கார்பரோவாசி:
விளக்கு இல்லாமல் சரிவராது, அம்மா வாசிப்பதே எல்லாரும் படுத்த பிறகுதான். வீட்டில் பழைய ஐபேட் ஒன்று சும்மா கிடக்கு, நூலகம் பிடிஎஃப்பை அதில் போடுகிறேன். நாவலா, துப்பறியும் கதையா என்று அவவிடம் கேட்டால் "ரெண்டும்தான்" என்கிறா.

மார்க்கம் வாசகி:
அப்போ துப்பறியும் கதையையும் அந்த ஐபேட்டில் லிபி போட்டுக் கொடுங்கோ. நாவலுக்குக் கிண்டில் வாங்குங்கோ, நான் கட்சி மாறிவிட்டேன்.