கடன் வரம்பு போதாதபோது பாதிச் சரக்கு அனுப்பலாமா?

முதுநகர் மொத்த வியாபாரி:
கடலூர் முதுநகரில் பி.வி.சி. குழாய்களையும் அவற்றுக்கான எல்போ, கப்ளிங் முதலிய இணைப்புப் பொருள்களையும் மொத்தமாக விற்று வருகிறேன். புதுச்சேரி வில்லியனூரில் உள்ள ஒரு கடைக்கு 10 லட்ச ரூபாய் கடன் வரம்பு கொடுத்திருக்கிறோம். அதில் 7 லட்சத்து 40 ஆயிரம் நிலுவையாக இருக்கும்போதே, 5 லட்ச ரூபாய்க்குப் புதிய ஆர்டர் வந்திருக்கிறது. தவணை கடந்த பில் எதுவும் இல்லை. வரம்பில் மீதமுள்ள 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மட்டும் சரக்கு ஏற்றிவிட்டு, பணம் வந்தபின் மீதியை அனுப்பலாம் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

மஞ்சக்குப்பம் கணக்காளர்:
இது தவறான வழி என்பது என் கருத்து. முதலில் கணக்கைப் பாருங்கள். குழாய்க்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்பதால், 2 லட்சத்து 60 ஆயிரத்துக்குள் அடங்கும் சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 2 லட்சத்து 20 ஆயிரம்தான். மாதாந்தரக் கணக்கு தாக்கல் செய்பவரானால், வாடிக்கையாளர் பணம் தந்தாலும் தராவிட்டாலும், அந்த பில்லுக்கான வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் நீங்கள் கட்டியாக வேண்டும். வரம்பைக் கடைசி ரூபாய் வரை நிரப்பிவிட்டால், அவர் பழைய பில்லைத் தீர்க்கும் வரை நீங்கள் வேறு எதையும் அனுப்ப முடியாது. அவரோ மீதிச் சரக்கை வேறொருவரிடம் ரொக்கத்துக்கு வாங்கி, உங்கள் பணத்தைத் தள்ளிப்போடுவார். பழைய பில்களில் மூன்றரை லட்சத்தையாவது வசூலித்துவிட்டு முழுச் சரக்கையும் அனுப்புவதே முறை.

நெல்லித்தோப்பு கடைக்காரர்:
கணக்காளர் ஐயாவுக்கு ஒரு மறுப்பு. தவணை கடக்காத பாக்கிக்கு, "பணம் கொடுத்தால்தான் சரக்கு" என்று சொன்னால், கொடுத்த கடனுக்கு என்ன பொருள்? அப்படிச் சொல்லும் மொத்த வியாபாரியிடம் நான் மறுமுறை ஆர்டர் தரமாட்டேன். ஆனால் முதுநகர்க்காரர் நினைப்பது போல அவராகவே குறைத்து அனுப்புவதும் சரியல்ல. ஒப்புக்கொண்ட அளவுக்குக் குறைவாகச் சரக்கு வந்தால், வாங்குபவர் அதை ஏற்க மறுக்கலாம் என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 37ஆம் பிரிவு சொல்கிறது. ஏற்றுக்கொண்டால் வந்த அளவுக்கு ஒப்பந்த விலையில் பணம் தர வேண்டும், அவ்வளவே. இதைவிட முக்கியமானது, எதைக் குறைக்கிறீர்கள் என்பது. நான்கு அங்குலக் குழாய் முழுவதும் வந்து, அதற்குரிய கப்ளிங்கும் டீ இணைப்பும் வராவிட்டால், வீடு கட்டுபவரிடம் நான் எதை விற்பது? விலை உயர்ந்த பொருளை வெட்டினால் கணக்கு எளிதில் முடிந்துவிடும் என்று கிடங்கில் நினைப்பார்கள். வந்து சேர்ந்தது கடையில் தூங்கும் சரக்காகிவிடும்.

மஞ்சக்குப்பம் கணக்காளர்:
கடைக்காரர் சொல்லும் சிரமம் புரிகிறது. ஆனால் நடைமுறைச் செலவை அவர் விட்டுவிட்டார். கடலூரிலிருந்து புதுச்சேரி அருகில்தான் இருக்கிறது என்றாலும் மாநில எல்லை கடந்த விற்பனை என்பதால் அதற்குரிய ஐ.ஜி.எஸ்.டி. வரும், 50 ஆயிரத்தைத் தாண்டினால் சரக்குடன் போக வேண்டிய மின்னணுச் சீட்டான ஈ-வே பில்லும் வேண்டும். ஒரே ஆர்டரை இரண்டாகப் பிரித்தால் பில்லும் ஈ-வே பில்லும் வண்டி வாடகையும் இரண்டாகின்றன, அரை லோடுக்கு யாரும் பாதி வாடகை வாங்குவதில்லை.

நெல்லித்தோப்பு கடைக்காரர்:
அந்த வாடகையை யார் ஏற்பது என்பதை ஃபோனிலேயே பேசித் தீர்க்கலாமே. வரம்பில் இவ்வளவுதான் இடம் இருக்கிறது என்று தொகையைச் சொல்லிவிட்டு, எந்தப் பொருள் முதலில் வேண்டும் என்று வில்லியனூர்க்காரரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மீதிக்கு அவர் முன்பணம் அனுப்ப முன்வந்தால், ஒரே வண்டியில் எல்லாம் போய்விடும். பெரும்பாலான கடைக்காரர்கள் அதற்குத்தான் சம்மதிப்பார்கள்.

முதுநகர் மொத்த வியாபாரி:
வரியைச் சேர்க்காமல் பட்டியல் போட இருந்தேன். கணக்காளர் சொன்ன பிறகு திருத்திக்கொண்டேன். பழைய பில்லை முன்கூட்டியே கேட்கும் யோசனையை மட்டும் ஏற்க இயலவில்லை. நாளைக் காலை வில்லியனூர்க்காரரிடம் பேசி, மீதிக்கு முன்பணம் இல்லையென்றால் அவர் தேர்ந்தெடுக்கும் பொருள்களை 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கு ஏற்றுவேன். எஞ்சிய ஆர்டர் ரத்தா, பிறகு அனுப்ப வேண்டியதா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்வேன்.

மஞ்சக்குப்பம் கணக்காளர்:
எழுத்தாக வாங்குவதை ஏற்கிறேன். வரம்பை முழுதும் நிரப்புவதை இப்போதும் ஏற்கவில்லை.