வெள்ளைச் சுவர் ஏன் சாம்பலாக வந்தது?

கமரா வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் படம் எடுக்கப் போனேன். காலை 9 மணி வெயில். முன்னால் சரஸ்வதி சிலை, பின்னால் பளீரென்ற வெள்ளைக் கட்டிடம். படத்தில் மட்டும் அது மழையில் ஊறிய சுவர்போலச் சாம்பலாகக் கிடந்தது. இருபது படம் எடுத்தேன், இருபதும் அப்படித்தான். லென்ஸில் ஏதோ பழுது என்று நினைத்துக் கமராவைத் திருப்பிக் கொடுக்கவே வெளிக்கிட்டேன்.

கலியாண வீடுகளில் படம் எடுக்கிற அண்ணா ஒருவர்தான் மறித்தார். "தம்பி, கமராவுக்கு நூலகமும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துத்தான் அது வெளிச்சத்தை அளக்கும்" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. வெள்ளைச் சுவர் படத்தை நிறைத்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று கமரா தானாகவே குறைக்கும். கறுத்த பனை அடிமரம் நிறைத்தால் நேர்மாறு: தேவைக்கு மேல் கூட்டிக் கறுப்பையும் சாம்பலாக்கும். அதைத் திருத்தத்தான் கூட்டல், கழித்தல் குறி போட்ட அந்தப் பொத்தான். பெயர் எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன். கையேட்டில் மூன்று தரம் வாசித்தும் எனக்குப் பிடிபடாத சொல் அது. +1 வைத்தால் வெளிச்சம் இரு மடங்கு, -1 வைத்தால் பாதி. அடுத்த நாள் +1 வைத்து எடுத்தேன். சுவர் வெள்ளையாக வந்தது.

ஆசையில் +2 வைத்தும் பார்த்தேன். குவிமாடத்தின் வளைவு தெரியாமல் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. திரையில் ஹிஸ்டோகிராம் என்று, படத்தின் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஒரு மேடு தெரியும்: இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. அந்த மேடு வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அப்படி முழுதாக வெளுத்துப்போன இடத்தை எந்த எடிட்டிங்காலும் மீட்க முடியாது. வழக்கமான ஜேபெக் படக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள்தான். கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ (RAW) கோப்பு 14 பிட் என்றால் 16,384. பிறகு திருத்தப் போகிறீர்கள் என்றால் ரோவில் எடுங்கள். கோப்பு பெரிதாக இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

—

இதை வாசித்த ஒருவர் எழுதியது: அண்ணா, எனக்கும் இப்படி ஒரு பிழை நல்லூரில் நடந்தது, சப்பறத் திருவிழா அன்று. ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற எண்) குறைவாக இருந்தால்தான் படம் துப்புரவாக வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, இரவிலும் 100-ஐ விட்டு நான் அசையவில்லை. வெளிச்சம் போதாமல் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/15 செக்கனுக்கு நீண்டுவிட்டது. சனம் எல்லாம் புகையாய் ஓடியது, ஒரு முகம்கூடத் தெரியவில்லை. ஐஎஸ்ஓவை 1600 ஆக்கியிருந்தால் அதே வெளிச்சத்தில் 1/250 கிடைத்திருக்கும். மணல்மணலாகப் புள்ளி வரும்தான், ஆனால் அதை எடிட்டிங்கில் ஓரளவு குறைக்கலாம். ஆள் அசைந்து கலங்கிய படத்துக்கு வழியே இல்லை. அடுத்த சப்பறத்துக்கு ஒரு வருடம் காத்திருந்தேன்.

—

இன்னொருவர் எழுதியது: நான் எடிட்டிங்கை எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன், பிழைத்தது அச்சில். மகளின் சாமத்திய வீட்டுப் படத்தை 12க்கு 18 அங்குலத்தில் அச்சடிக்க ஸ்டூடியோவுக்குப் போனிலிருந்து அனுப்பினேன். வந்த படத்தில் கண் இமையெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. கமராவில் நீளப் பக்கம் 6000 பிக்சல் இருந்த படம், அனுப்பும்போது சுருங்கி 1600 ஆகியிருக்கிறது. அந்த அளவை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சடிக்க 5400க்கு 3600 வேண்டும். எனக்குக் கிடைத்தது அங்குலத்துக்கு 90கூட இல்லை. இப்போது பென் டிரைவில் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். போனில்தான் அனுப்ப வேண்டும் என்றால் படமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்புங்கள்.