இசாக்கை விடுவதா, பிடித்து வைப்பதா? மாற்று ஆள் இல்லாமல் 110 மில்லியன் எதற்கு?

கருப்புவெள்ளை_9 | 20 ஆகஸ்ட் 2025, காலை 8:10
நேத்து நம்ம நியூகாசில் ஸ்டிரைக்கர் இசாக் இன்ஸ்டாகிராம்ல போட்டதைப் பார்த்திருப்பீங்க. வாக்குக் கொடுத்தாங்க, மீறிட்டாங்க, நம்பிக்கை போச்சு, இனி ஒட்டாது. சாரம் இதுதான். அன்னைக்கே நியூகாசில் பதில் அறிக்கை விட்டுச்சு: இந்தக் கோடையில போகலாம்னு கிளப் அதிகாரி யாரும் சொல்லவே இல்லை, விக்கிறதுக்கான நிபந்தனைகள் நிறைவேறும்னும் தோணலை.

இடையில வந்தவங்களுக்கு: ஆகஸ்ட் 1 அன்னைக்கு லிவர்பூல் 110 மில்லியன் பவுண்டுக்கு அவரைக் கேட்டுச்சு, நியூகாசில் முடியாதுன்னுடுச்சு. 150 எதிர்பார்க்கிறாங்கன்னு பேச்சு. ஒப்பந்தம் 2028 வரைக்கும் இருக்கு. ஆசியப் பயணத்துக்கு அவர் வரலை, சொன்ன காரணம் தொடைக் காயம். ஆனா அதே சமயத்துல பழைய கிளப் ரியல் சோசிடாட் மைதானத்துல தனியாப் பயிற்சி எடுத்தார்.

என் கட்சி ஒண்ணுதான். விக்கக் கூடாது. மூணு வருஷ ஒப்பந்தம் பாக்கி இருக்கிற ஆளு முறைச்சுக்கிட்டா கொடுத்துடணுமா? அப்புறம் அடுத்த வருஷம் புரூனோ, அதுக்கு அடுத்த வருஷம் டோனாலி. வரிசை கட்டி நிப்பாங்க.

கோப்_கார்த்தி | 8:42
பாஸ், கோபம் நியாயம். ஆனா சனிக்கிழமை வில்லா பார்க்ல என்ன நடந்துச்சு? 66-வது நிமிஷத்துல ஆஸ்டன் வில்லா தடுப்பாளர் கோன்சாவுக்கு சிவப்பு அட்டை. அதுக்கு மேல பத்துப் பேர்தான் எதிர்ல. அப்பவும் 0-0. நடுவுல நின்னது கோர்டன், அவர் விங்கர். கேலம் வில்சனை ஒப்பந்தம் முடிஞ்சதும் அனுப்பியாச்சு. மிச்சம் 22 வயசு ஓசுலா. இசாக்கைப் பிடிச்சு வச்சாலும் அவர் ஆடப்போறது இல்லை. ஆடாத ஆளுக்கு வாரச் சம்பளம், கையில கோல் இல்லை. யாருக்கு லாபம்?

கணக்குப்பிள்ளை | 9:30
உணர்ச்சியைச் சற்று ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கேட்டைத் திறப்போம்.

2022 ஆகஸ்டில் சோசிடாட்டுக்குக் கொடுத்தது சுமார் 63 மில்லியன் பவுண்டு, ஆறு வருட ஒப்பந்தம். அந்த விலையை ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்து எழுதும் ஆண்டுத் தேய்மானம் 10.5. மூன்று வருடம் போனது. புத்தகத்தில் மிச்சம் 31.5. இன்று 110-க்கு விற்றால் கணக்கில் ஏறும் லாபம் 78.5. 150 கிடைத்தால் 118.5.

லிவர்பூல் பக்கம் வேறு விதி. 2022-இல் ஆறு வருடமாகப் பிரித்த சலுகை இப்போது கிடையாது. யூஃபா 2023 கோடையிலும், பிரீமியர் லீக் அதே ஆண்டு டிசம்பரிலும் ஐந்து வருட உச்சவரம்பு கொண்டுவந்துவிட்டன. ஆறு வருடக் கையெழுத்து போட்டாலும் 110-ஐ ஐந்தால்தான் வகுக்க வேண்டும்: வருடத்துக்கு 22, அதற்கு மேல் சம்பளம். லூயிஸ் டியாஸ் பயர்னுக்கும் நூன்யெஸ் அல் ஹிலாலுக்கும் போனது இந்த இடத்தைக் காலி செய்யத்தான் என்று நினைக்கிறேன்.

கருப்புவெள்ளை_9 | 9:51
கணக்குப்பிள்ளை சார், உங்க கணக்கே என் பக்கம்தான் பேசுது. ஒரு வருஷம் வச்சிருந்து 2026-ல 90-க்கு வித்தா? புத்தகத்துல 21தான் மிச்சம் இருக்கும். லாபம் 69. இப்ப வித்தா 78.5. வித்தியாசம் வெறும் 9.5! அந்தக் காசுக்கு ஒரு முழு சீசன் சாம்பியன்ஸ் லீக்கோட ஆடலாமே.

கணக்குப்பிள்ளை | 10:15
அங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது நண்பரே. வைத்திருக்கும் அந்த வருடத்தில் 10.5 தேய்மானம் செலவாக எழுதப்படும். 69-இலிருந்து அதையும் கழித்தால் 58.5. ஆக வித்தியாசம் சரியாக 20. விலையில் குறைந்த 20 எப்படிச் சுற்றினாலும் வந்து சேர்ந்துவிடும். தேய்மானம் பணத்தை உண்டாக்காது, இடம்தான் மாற்றும். அதன் மேல் ஒரு வருடச் சம்பளம்.

எதிர்த்தட்டிலும் ஏதோ இருக்கிறது, மறைக்கவில்லை. சாம்பியன்ஸ் லீக்கில் நுழைவுத் தொகை 18.62 மில்லியன் யூரோ, அது இசாக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். லீக் சுற்றில் எட்டு ஆட்டம், ஒவ்வொரு வெற்றிக்கும் 2.1 மில்லியன் யூரோ. கடைசி 16-க்குப் போனால் 11. அவரால் இரண்டு வெற்றி கூடி, கடைசி 16-ம் கிடைத்தால் 15 மில்லியன் யூரோவுக்கு மேல். 20 மில்லியன் பவுண்டு இடைவெளியில் பெரும்பகுதி அடைந்துவிடும். ஆனால் அதற்கு அவர் மனம் ஒப்பி ஆட வேண்டும்.

ஆஃப்சைட்_ஆறுமுகம் | 10:22
மனசு ஒப்பி ஆடுறதை எந்தத் தலைப்புல எழுதுவாங்க சார், வரவா செலவா?

வடமராட்சியான் | 11:05
நீங்கள் எல்லாரும் காசைப் பற்றித்தான் கதைக்கிறியள். ஆட்டத்தைப் பாருங்கோ.

போன சீசனில இசாக் லீக்கில 23 கோல். சலாவுக்கு அடுத்தது அவர்தான். ஜேக்கப் மர்ஃபி வலப்பக்கத்தால குடுத்த பந்துகளில எத்தனையைக் கோலாக்கினவர் எண்டு பழைய காட்சிகளைப் போட்டுப் பாருங்கோ. மர்ஃபிக்குக் கிடைச்ச 12 அசிஸ்டும் அவர் திடீரெண்டு மேதையானதால வரேல்ல. அவர் பந்து போடேக்க முதல் கம்பத்துக்கு ஓடுற மாதிரி ஒரு அடி வச்சுட்டு, தடுப்பாளற்ர முதுகுக்குப் பின்னால நிக்கிற ஒருத்தர் அங்க இருந்தவர். கோர்டன் அந்த இடத்துக்கு வரமாட்டார், பந்தைக் காலில வாங்கத்தான் வருவார். வில்லாவோட ஆடேக்க பக்கத்தால வந்த பந்துகள் ஆளில்லாத இடத்தில விழுந்ததுக்குக் காரணம் அதுதான்.

லிவர்பூல் ஆக்களுக்கும் ஒரு கேள்வி. எகிடிகேயை வாங்கி ஒரு மாசம்கூட ஆகேல்ல. அவரும் இடப்பக்கமா விலகிப் போய் பந்து வாங்கிற ஆள், இசாக்கும் அதே. விர்ட்ஸும் அந்தப் பக்கம்தான் சாய்வார். மூண்டு பேரும் ஒரே பத்து யார் சதுரத்தில நிண்டால் உங்கட பயிற்சியாளர் ஸ்லாட் என்ன செய்யப் போறார்?

கோப்_கார்த்தி | 11:40
நல்ல கேள்வி அண்ணே. என் பதில்: ஒருத்தர் ஆடும்போது இன்னொருத்தர் பெஞ்ச். லீக், சாம்பியன்ஸ் லீக், ரெண்டு கோப்பைன்னு வரிசையா இருக்கு. டியாஸ், நூன்யெஸ் ரெண்டு பேரும் போயிட்டாங்க. ஜோட்டா உலகத்தை விட்டே போயிட்டார், அதைப் பத்திப் பேசவே மனசு வரலை. முன்வரிசையில மூணு பேர் இடம் காலி. பேராசைன்னு சொல்றவங்க தலையை எண்ணிப் பாருங்க.

கருப்புவெள்ளை_9 | 12:18
ஆளு குறைஞ்சா எங்க வீட்டுக் கதவைத்தான் தட்டணுமா? மார்ச் 16 வெம்ப்ளியில உங்களை 2-1ன்னு அடிச்சு, 70 வருஷம் கழிச்சு உள்நாட்டுக் கோப்பை வாங்கினோம். ரெண்டாவது கோல் யாருதுன்னு ஞாபகம் இருக்கா? அடிச்சவனையே தூக்கிட்டுப் போறேன்னு அஞ்சு மாசத்துல வர்றீங்க.

இன்னொண்ணு. ஒழுக்கம் பேசற கிளப் 2013-ல என்ன பண்ணுச்சு? உங்க ஸ்டிரைக்கர் சுவாரெஸை ஆர்சனல் 40 மில்லியனும் ஒரு பவுண்டும் கொடுத்து வாங்கக் கேட்டுச்சு. அவரும் இதே மாதிரி வாக்கு மீறிட்டாங்கன்னுதான் பேட்டி கொடுத்தார். நீங்க விட்டீங்களா? தனியாப் பயிற்சி பண்ணுன்னீங்க. அந்த சீசன்ல தடை முடிஞ்சு வந்து 33 ஆட்டத்துல 31 கோல். அதே மருந்தை நாங்க கொடுத்தா மட்டும் கசக்குதா?

கோப்_கார்த்தி | 12:45
சுவாரெஸ் கதையைப் பாதியில நிறுத்திட்டீங்க. அடுத்த கோடையில பார்சலோனா போயிட்டார். லீக் கோப்பையும் வரலை. 😅

அதைவிட வான் டைக் கதை இங்க பொருந்தும். 2017 ஜூன்ல, எங்க தடுப்பாளரை அனுமதியில்லாம அணுகினாங்கன்னு சவுத்தாம்ப்டன் புகார் பண்ணினதும் லிவர்பூல் பகிரங்கமா மன்னிப்புக் கேட்டு ஒதுங்குச்சு. ஆகஸ்ட்ல வான் டைக் கிளப் மாற்றக் கோரிக்கை எழுதிக் கொடுத்தார். சவுத்தாம்ப்டன் அசையலை. ஜனவரில என்ன ஆச்சு? 75 மில்லியன், அதே கிளப். பிடிச்சு வச்ச ஆறு மாசத்துல சவுத்தாம்ப்டன் எதைச் சாதிச்சுது?

வடமராட்சியான் | 13:20
அதே கோடையில கூட்டின்யோவும் உங்களிட்டக் கோரிக்கை குடுத்தவர் எல்லே. முதுகு வலி எண்டு சொல்லி முதல் ஆட்டங்களுக்கு வரேல்ல. நீங்கள் ஆகஸ்டில விடாமல் ஜனவரியில பார்சலோனாவுக்கு வித்தியள், 142 மில்லியன் எண்டு சொன்னவை. அந்தக் காசிலதான் வான் டைக்கின்ர விலையும் அலிசன்ர விலையும் வந்தது எண்டு உங்கட ஆக்களே பெருமையாச் சொல்லுவினம். அப்ப பிடிச்சு வைக்கிறது பிழையில்லை. ஜனவரிக்குள்ள மாற்று ஆளைத் தேடி வைக்கிறதுதான் கெட்டித்தனம்.

கணக்குப்பிள்ளை | 14:02
வடமராட்சியான் சரியான நரம்பைத் தொட்டுவிட்டார். இது விலைச் சண்டை போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது மாற்று ஆள் பஞ்சம். நியூகாசில் இந்தக் கோடையில் ஜோவாவ் பெத்ரோவைக் குறிவைத்தது, செல்சி போனார். எகிடிகேவைக் கேட்டது, லிவர்பூல் போனார். ஷெஷ்கோவைக் கேட்டது, மான்செஸ்டர் யுனைடெட் போனார். விளையாட்டு இயக்குநர் பால் மிட்செல் ஜூன் கடைசியில் கிளம்பிவிட்டார், நாற்காலி இன்னும் காலி. 110 மில்லியன் வங்கியில் இருப்பது எல்லாருக்கும் தெரிந்தால், 40-க்குச் சொன்ன ஸ்டிரைக்கர் மறுநாள் 60 ஆவார். சந்தையில் பை நிறைந்தவனிடம்தான் விலை ஏறும்.

இதே இரண்டு கிளப்பும் ஒருமுறை இதை ஆடிப் பார்த்திருக்கின்றன. 2011 ஜனவரி 31, வீரர் மாற்றச் சன்னல் மூடும் நாள். நியூகாசில் ஸ்டிரைக்கர் ஆண்டி கரோலை லிவர்பூல் 35 மில்லியனுக்கு வாங்கியது. நியூகாசிலுக்கு மாற்று ஆள் தேட நேரமே இல்லை. பிப்ரவரியில் ஷெஃப்கி குக்கியை ஒப்பந்தமில்லா வீரராக எடுத்து, 12-வது இடத்தில் சீசனை முடித்தது. அடுத்த கோடையில் டெம்பா பா இலவசமாக வந்தார், 2012 ஜனவரியில் சீஸே வந்தார், 5-வது இடம். பணம் வீண் போகவில்லை, ஆனால் வேலை செய்ய ஆறு மாதம் எடுத்துக்கொண்டது. இந்த முறை நடுவில் சாம்பியன்ஸ் லீக் இருக்கிறது.

கருப்புவெள்ளை_9 | 14:30
எங்க ஓனர் சவுதி நிதியம், காசுக்கு அலையலை. 2024 ஜூன் மாதிரி நெருக்கடியும் இப்ப இல்லை. அப்ப மூணு வருஷத்துல 105 மில்லியன் நட்ட வரம்பைத் தாண்டாம இருக்கக் கடைசி நாள்ல எலியட் ஆண்டர்சனையும் மின்டேவையும் வித்தாங்க. வயித்தெரிச்சல். இப்ப ஆகஸ்ட்ல வித்தா 2025-26 கணக்குலதான் ஏறும், அதுக்கு 2026 ஜூன் 30 வரை நேரம் கிடக்கு. அப்புறம் என்ன அவசரம்?

சட்டமும்_பந்தும் | 15:16
நேற்றிலிருந்து சிலர் ஃபிஃபா 17-வது விதியைக் கையில் எடுத்து, இசாக் தானே ஒப்பந்தத்தை உடைத்துப் போகலாம் என்கிறார்கள். 28 வயதுக்கு முன் போட்ட ஒப்பந்தத்துக்கு மூன்று சீசன் பாதுகாப்புக் காலம், அது இந்தக் கோடையோடு முடிந்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் கடைசி அதிகாரபூர்வ ஆட்டம் முடிந்த 15 நாளுக்குள் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். நியூகாசிலின் கடைசி ஆட்டம் மே 25. ஜூன் 9-ஓடு கதவு மூடியாகிவிட்டது. இழப்பீடு தனி. இந்தக் கோடைக்கு அந்த வழி இல்லை, பேச்சுவார்த்தை மட்டும்தான்.

கொசுறாக ஒன்று: விற்பனை நடந்தால் ஸ்டாக்ஹோமில் ஏஐகே கிளப்புக்குக் கொண்டாட்டம். 12 வயதிலிருந்து வளர்த்த கிளப்புகளுக்கு ஒற்றுமைத் தொகை 5 சதவீதம் பிரியும். 12 முதல் 15 வயது வரை வருடத்துக்கு 0.25, பிறகு 0.5. இசாக் 17 வயதில் டார்ட்மண்ட் போனதால் ஏஐகே பங்கு சுமார் 2 சதவீதம். 110-இல் 2.2 மில்லியன் பவுண்டு. ஸ்வீடன் லீக் கிளப்புக்கு அது சின்னக் காசா?

ஆஃப்சைட்_ஆறுமுகம் | 15:25
இந்த இழுபறியில நிம்மதியாத் தூங்குறது அவங்க மட்டும்தான் போல.

கோப்_கார்த்தி | 21 ஆகஸ்ட், காலை 7:55
சரி, நடைமுறைக்கு வருவோம். சன்னல் செப்டம்பர் 1 இங்கிலாந்து நேரம் மாலை 7-க்கு மூடுது, நமக்கு இரவு 11:30. கடைசி ரெண்டு மணி நேரத்துக்குள்ள பேச்சு முடிஞ்சதுன்னு காட்டுற டீல் ஷீட் அனுப்பினா பேப்பர் முடிக்க இன்னும் ரெண்டு மணி நேரம் கிடைக்கும். மருத்துவப் பரிசோதனை, படம், பேட்டி எல்லாம் ஒரு நாள் வேலை. ஆகவே லிவர்பூல் ஆகஸ்ட் 31 வரைக்கும்கூட பொறுமையா இருக்கலாம். நேரம் போகப் போக வலி உங்களுக்குத்தான்.

கருப்புவெள்ளை_9 | 8:20
அதுக்குத்தான் விஸ்ஸா இருக்காரே. பிரென்ட்ஃபோர்ட்ல போன சீசன் 19 லீக் கோல். அவரும் நியூகாசிலுக்கு வரணும்னு நிக்கிறார், ஜூலைல போர்ச்சுகல் முகாமை விட்டே கிளம்பிட்டார். நாங்க கேட்ட விலையை நிராகரிச்சிருக்காங்க, கொஞ்சம் கூட்டினா முடியும். வர ஆசைப்படற ஆளைப் பிடிச்சு வைக்கிறதுல பிரென்ட்ஃபோர்டுக்கு என்ன பிரயோஜனம்?

கணக்குப்பிள்ளை | 8:31
நண்பரே, கடைசி வாக்கியத்தில் பிரென்ட்ஃபோர்டை எடுத்துவிட்டு நியூகாசில் என்று போட்டுப் படியுங்கள்.

கருப்புவெள்ளை_9 | 8:33
விஸ்ஸா விஷயம் வேற சார்.

கோப்_கார்த்தி | 8:34
எப்படி வேற?

கருப்புவெள்ளை_9 | 9:10
அவருக்கு 29 ஆகப் போகுது, இசாக்குக்கு 25. எங்களுக்கு வேற ஸ்டிரைக்கர் இல்லை...

வடமராட்சியான் | 9:26
பிரென்ட்ஃபோர்டுக்கும் ஆள் குறைவுதான். 20 கோல் அடிச்ச எம்பூமோவை ஜூலையிலயே மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் குடுத்திட்டினம். விஸ்ஸாவையும் குடுத்தால் போன சீசன்ர 39 லீக் கோல் ஒரே கோடையில போகுது. அவையள் விஸ்ஸாவை விட முதல் ஆள் எடுக்கவேணும், நீங்கள் விஸ்ஸா வந்தால்தான் இசாக்கை விடுவியள், லிவர்பூல் இசாக் வரும் வரைக்கும் காத்திருக்கும். மூண்டு கிளப்பும் ஒரே கயிறு. எந்தப் பக்கம் முதல்ல அவிழும் எண்டு திங்கக்கிழமை உங்கட ரெண்டு அணியும் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில ஆடினாப் பிறகு கதைப்பம். எங்கட நேரத்துக்கு இரவு பன்னிரண்டரை. கோர்டனைத் திரும்பவும் நடுவில விடுவினமோ எண்டதைத்தான் நான் பாக்கப் போறன்.