கெம்மரர்: நிலக்கரி ஊரில் அணுமின் நிலையம். நம்பிக் குடிபோகலாமா?

மலைச்சாரல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் குழாய் வெல்டிங்கைச் சோதித்துச் சான்று தருகிற வேலையில் இருக்கிறார். இப்போது அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் வசிக்கிறோம். பக்கத்து மாநிலமான வயோமிங்கில் கெம்மரர் என்ற ஊருக்குப் பக்கத்தில் டெராபவர் நிறுவனம் கட்டிவரும் நேட்ரியம் அணுமின் நிலையத்தில் வேலை செய்ய, ஓர் ஒப்பந்த நிறுவனம் அவரைக் கூப்பிடுகிறது. மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

ஊரை ஒருமுறை போய்ப் பார்த்தோம். சுமார் 2,400 பேர்தான். 1897இலிருந்து நிலக்கரிதான் பிழைப்பு. ஊருக்கு வெளியே நாட்டன் அனல்மின் நிலையம். மளிகைக் கடையில் ஒரு அம்மா பேச்சுக் கொடுத்தார். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும், "இதிலே எங்க பிள்ளைங்களுக்கு வேலை இருக்குமா, இல்லை எல்லாம் உங்களை மாதிரி வெளியூர்க்காரங்களுக்கா?" என்று கேட்டார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வீடு வாங்கலாமா, வாடகை போதுமா? அந்த அம்மாவுக்கு நியாயமான பதில் என்ன? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்றல்77:

வேலைப் பேச்சு இருக்கட்டும், முதலில் பாதுகாப்பைப் பாருங்கள். இது தண்ணீரால் குளிர்விக்கிற உலை இல்லை, திரவ சோடியம். சோடியம் காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஜப்பானில் மோஞ்சு உலையில் 1995 டிசம்பரில் சோடியம் கசிந்து தீப்பிடித்தது. குழந்தையோடு அங்கே போவதா?

நைட்ஷிஃப்ட்:

தென்றல், உங்கள் பயம் நியாயமானது. ஆனால் மோஞ்சுவை முழுதாகச் சொல்ல வேண்டும். அங்கே கசிந்தது உலைக்குள் போகாத இரண்டாம் சுற்றுச் சோடியம், அதில் கதிர்வீச்சு கிடையாது. ஊர் மக்களின் நம்பிக்கையைக் கெடுத்தது தீ மட்டும் இல்லை, சேதத்தைக் காட்டும் வீடியோவை வெட்டி மறைத்ததும்தான். உலை மறுபடி ஓட 2010 ஆனது. அதனால் கெம்மரர்க்காரர்கள் "கசியுமா" என்று கேட்பதோடு, "கசிந்தால் அன்றைக்கே எங்களுக்குச் சொல்வீர்களா" என்றும் கேட்க வேண்டும்.

சோடியத்துக்கு நல்ல குணமும் உண்டு. 883 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். உலை ஓடுகிற சூடு அதைவிட வெகு கீழே, அதனால் உயர் அழுத்தம் தேவையில்லை. நேட்ரியத்தில் சோடியம் தன் சூட்டை உருகிய உப்புக்குக் கொடுத்துவிடும். அந்த உப்பு பெரிய தொட்டிகளில் இருக்கும், நீராவி அதிலிருந்துதான். ஆக சோடியமும் தண்ணீரும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் ஓடுகிற இடமே இல்லை. உலை 345 மெகாவாட். தேவை ஏறும் நேரத்தில் தொட்டிச் சூட்டையும் சேர்த்து ஐந்தரை மணி நேரம்வரை 500 மெகாவாட் தரலாம் என்பது வடிவமைப்பு. இடாஹோவில் இபிஆர்-2 என்ற சோடியம் உலை 1964இலிருந்து முப்பது ஆண்டு ஓடியது. 1986 ஏப்ரலில் அதன் குளிர்விப்பு பம்புகளை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார்கள், உலை தானாகவே அடங்கியது.

அப்புறம், அந்த ஊர் ஆபத்தைப் பார்க்காத ஊர் இல்லை. பக்கத்து ஃபிரான்டியர் சுரங்கத்தில் 1923 ஆகஸ்டில் நடந்த வெடிப்பில் 99 பேர் செத்தார்கள்.

இப்போது மலைச்சாரலின் கேள்வி. எனக்கு இதுதான் முக்கியம். நான் அமெரிக்க மேற்கில் ஒரு நிலக்கரி மின் நிலையத்தில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த நிலையம் இப்போது இல்லை.

நிலக்கரி நிலையத்தில் வேலை இரண்டு வகை. டர்பைன், நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கும் கன்டென்சர், தண்ணீர்ச் சுத்திகரிப்பு, மின்சாரத்தை வெளியே அனுப்பும் ஸ்விட்ச்யார்டு, இவற்றைப் பார்க்கிறவர்கள் ஒரு வகை. கன்டென்சரில் வாக்குவம் குறைகிறது என்றால் காற்று எந்த அடைப்பு வழியாக உள்ளே போகிறது என்று காதை வைத்தே கண்டுபிடிக்கிற ஆள் எங்களிடம் இருந்தார். நீராவி எதிலிருந்து வந்தாலும் அவருக்கு வேலை இருக்கிறது. நேட்ரியத்திலும் அந்தப் பாதி அப்படியே உண்டு.

இன்னொரு பாதி நிலக்கரியைக் கொண்டுவரும் பெல்ட், அதை அரைக்கும் கோல் மில், பாய்லர் குழாய், சாம்பல். அது மொத்தமாகப் போய்விடும். அரைக்க ஒன்றும் இல்லை, அள்ளவும் ஒன்றும் இல்லை. எங்கள் நிலையம் மூடியபோது பெல்ட் பார்த்த நண்பர்தான் முதலில் வீட்டை விற்றார். நல்ல மெக்கானிக். ஆனால் அவருக்கு வேறு வேலை பழக்க யாரும் முன்கூட்டியே யோசிக்கவில்லை.

கணக்கன்:

நைட்ஷிஃப்ட் சார் சொன்னதோடு பணத்தையும் பாருங்கள். 2020இல் அமெரிக்க எரிசக்தித் துறை இந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. 400 கோடி டாலர்வரை ஆகும், பாதியை அரசு ஏற்கும் என்றார்கள். 2028இல் ஓடும் என்றார்கள். எரிபொருளுக்குச் செறிவு கூடிய யுரேனியம் வேண்டும், வணிக அளவில் விற்றது ரஷ்யா மட்டும். உக்ரைன் போர் வந்தது, 2022 டிசம்பரில் குறைந்தது இரண்டு ஆண்டு தள்ளிப்போகும் என்று அறிவித்தார்கள். இடாஹோவில் நியூஸ்கேல் நிறுவனத்தின் சிறு அணு உலைத் திட்டம் விலை ஏறி 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் வோகிள் அணுமின் நிலையத்தில் 3, 4 உலைகள் கட்டி முடிந்தன, ஆனால் செலவு 3,000 கோடி டாலரைத் தாண்டி, ஏழு ஆண்டு தாமதமாக. இதெல்லாம் தெரிந்து வீடு வாங்குகிறவர்கள் வாங்கட்டும்.

மலைச்சாரல்:

நன்றி சார். ஒரு சந்தேகம். மின் நிலைய ஆட்களைச் சொன்னீர்கள். சுரங்க ஆட்கள்? அந்த அம்மாவின் மகன் சுரங்கத்தில் டிரக் ஓட்டுகிறாராம்.

நைட்ஷிஃப்ட்:

அம்மா, சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். செய்தியில் வருவதெல்லாம் கட்டும்போது உச்சத்தில் சுமார் 1,600 பேர், ஓடும்போது சுமார் 250 பேர் என்ற கணக்குத்தான். அணு உலைக்குப் பக்கத்தில் சுரங்கம் தேவையில்லை. எரிபொருள் எங்கிருந்தோ லாரியில் வரும், அதுவும் எப்போதாவது. அதனால் சுரங்கத்துக்கு நேர் மாற்று இந்த நிலையம் இல்லை. இதை ஊர் முன்னால் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் நல்லது.

இன்னொன்று, நாட்டனில் மூன்றாம் யூனிட் 2019லேயே நிலக்கரியை நிறுத்தி எரிவாயுவுக்குப் போய்விட்டது. மற்ற இரண்டையும் அப்படி மாற்றத்தான் அதை நடத்தும் பசிஃபிகார்ப் மின் நிறுவனம் திட்டமிட்டது. மின் நிலைய ஆட்களுக்கு அது மூச்சு விட நேரம் கொடுக்கும். சுரங்கத்துக்கு அந்த நேரம் கிடைக்காது. நிலக்கரி நிற்கிற நாளுக்கும் உலை ஓடுகிற நாளுக்கும் நடுவில் கிடக்கிற வருடங்களைத்தான் நான் பார்ப்பேன். கணக்கன் சொன்ன ஒவ்வொரு தாமதமும் அந்த இடைவெளியை நீட்டுகிறது. டிரக் ஓட்டுகிறவர் அத்தனை வருடம் காத்திருக்க முடியாது. கிரீன் ரிவர் ஊர்ப் பக்கம் ட்ரோனா என்ற சோடா உப்புக் கனிமச் சுரங்கத்துக்குப் போய்விடுவார். போனவர் திரும்புவது அரிது.

அந்த அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். மகனுக்கு விருப்பம் இருந்தால் இப்போதே பயிற்சிக்கு விண்ணப்பிக்கட்டும். மண் வேலைக்கும் கனரக வாகனத்துக்கும் ஆள் தேவைப்படுவது கட்டுமானத்தின் முன்பாதியில்தான். கட்டுப்பாட்டு அறையில் உட்கார அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் வேண்டும். வகுப்பு, சிமுலேட்டர், தேர்வு என்று பொதுவாக ஒன்றரை வருடத்துக்கு மேல் இழுக்கும். உலை ஓடத் தொடங்கியபிறகு போய்க் கேட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார்.

வீட்டு விஷயம்: முதலில் வாடகை. 1970களில் வயோமிங்கிலேயே ஜிம் பிரிட்ஜர் என்ற நிலக்கரி மின் நிலையம் கட்டியபோது பக்கத்து ராக் ஸ்பிரிங்ஸ் ஊர் சில வருடத்தில் இரண்டு மடங்காகப் பெருகியது. வீடும் இல்லை, டாக்டரும் இல்லை, சண்டையும் குடியும் ஏறிப்போனது. அந்தப் பகுதியில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2,400 பேர் ஊரில் 1,600 தொழிலாளர் வந்து இறங்கினால் வாடகை என்னவாகும் என்று யோசியுங்கள், அந்த அம்மாவுக்கும் அதே வாடகைதான். நிறுவனம் தொழிலாளர் குடியிருப்பு தருகிறதா, பள்ளிக்கு மாவட்டம் என்ன செய்கிறது, இந்த இரண்டையும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

உங்கள் கணவர் வேலை கட்டுமானத்தோடு முடிகிற வேலையா, இயக்கத்திலும் தொடருமா? குழாய்ச் சோதனைக்கு இயக்கத்திலும் ஆள் வேண்டும். அதை எழுத்தில் வாங்கினால் அப்புறம் வீடு பார்க்கலாம்.

மலைச்சாரல்:

கேட்டுவிட்டு எழுதுகிறேன் சார். அந்த அம்மாவின் எண் வாங்கி வைத்திருக்கிறேன், பயிற்சி விவரத்தை இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.