மெசினாவுல 8 மணி நேரம் தான் இருக்கு, அப்பாவுக்கு ரயில் கப்பல்ல ஏறறத காட்டணும்

பொன்மலை பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற செப்டம்பர்ல அப்பா அம்மாவ கூட்டிட்டு ஒரு வாரம் மெடிட்டரேனியன் க்ரூஸ் போறோம், ரோமுக்கு பக்கத்துல சிவிதாவெக்கியாவுல ஏறி நேப்பிள்ஸ், அப்பறம் சிசிலியில மெசினா, அப்பறம் மால்டான்னு போகுது. மெசினாவுல காலையில 9 மணிக்கு கரைக்கு வருது, சாயங்காலம் 6 மணிக்கு கிளம்புது, 5.30க்கெல்லாம் எல்லாரும் உள்ள இருக்கணும்னு போட்டிருக்காங்க.

அப்பா 34 வருஷம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருந்தவர், ரயில் பெட்டிங்க பக்கம். இத்தாலி போறோம்னு சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வியே "அங்க எங்கயோ ரயிலோட சேத்து கப்பல்ல ஏத்தறானாமே, அது நாம போற பக்கமா?" தான். யாரோ வாட்ஸப்ல வீடியோ அனுப்பியிருக்காங்க. மேப்ப எடுத்து பாத்தா அதே மெசினா தான், எனக்கே புல்லரிச்சிடுச்சு. மனுஷன் இது வேணும் அது வேணும்னு வாய தெறந்து கேக்கவே மாட்டார், கொலோசியம் பத்திகூட ஒரு வார்த்த கேக்கல, இத மட்டும் தான் கேட்டார்.

ஆனா வீட்டுக்காரரும் பசங்களும் பக்கத்துல தவோர்மினாங்கற மலை ஊருக்கு போகணும்ங்கறாங்க, எல்லா வீடியோவுலயும் அத தான் காட்டறாங்க. அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. இந்த 8 மணி நேரத்துல ரெண்டும் முடியுமா, ரயில் ஏத்தறத வெளிய நின்னு பாக்க விடுவாங்களா, இல்ல டூர்ல போய் அப்பாவ ஏமாத்தற மாதிரி ஆயிடுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மிலான் வாசி:

அக்கா, நான் 6 வருஷமா மிலான்ல இருக்கேன், சிசிலிக்கு ரெண்டு தடவ ரயில்லயே போயிருக்கேன், அதனால இத கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

ரோம்ல இருந்தும் மிலான்ல இருந்தும் சிசிலிக்கு வர்ற இன்டர்சிட்டி ரயிலுங்க இத்தாலியோட கால் விரல் நுனியில வில்லா சான் ஜொவான்னின்னு ஒரு ஊர்ல வந்து நிக்கும். அதுக்கு எதிர்க்கரை தான் மெசினா, நடுவுல கடல் ரொம்ப குறுகலான இடத்துல கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் தான். அங்க எலக்ட்ரிக் இன்ஜின கழட்டி விட்டுட்டு டீசல் ஷன்டிங் இன்ஜின் ஒண்ணு பின்னாடி வந்து பிடிக்கும், ரயில ரெண்டா மூணா பிரிச்சு ஒவ்வொரு துண்டா கப்பலோட வயித்துக்குள்ள தள்ளுவாங்க. உள்ள பக்கத்துல பக்கத்துல நாலு தண்டவாளம் இருக்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவுல ஏறி இறங்கற மாதிரி ஒரு இரும்பு பாலம், அதுல தண்டவாளம் பதிச்சிருப்பாங்க, அது கப்பல் மட்டத்துக்கு சரியா வந்து உக்காந்த பிறகு தான் கோச்ச நகத்துவாங்க. இன்ஜின் கப்பலுக்குள்ள போகாது, நடுவுல காலி வேகன் கோத்து அதால தான் தள்ளும். நடக்கற வேகத்த விட மெதுவா போகும், ஒவ்வொரு ஜாயின்ட்லயும் டக் டக்னு சத்தம் காலுக்கடியில கேக்கும், ஜன்னலுக்கு வெளிய வெயில் போய் திடீர்னு கப்பலோட இரும்புச் சுவர் வந்துடும். அத எழுத்துல சொல்ல முடியாது.

இது 1899ல ஆரம்பிச்ச சர்வீஸ். பயணிகள ஏத்திக்கிட்டே ரயில் கடல் தாண்டறது இன்னைக்கு ஐரோப்பாவுல ரொம்ப அபூர்வம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வெளிய நின்னு பாக்கறத விட அப்பாவ அந்த ரயில்லயே ஏத்துங்க! மெசினா துறைமுகத்துல இருந்து வில்லாவுக்கு பயணிகள் மட்டும் போற வேக போட் இருக்கு, 20 நிமிஷம் மாதிரி தான் ஆகும். அதுல அந்தக் கரைக்கு போயிடுங்க, வில்லா ஸ்டேஷன் கடல ஒட்டியே இருக்கு. ரோம்ல காலையில கிளம்பற பகல் இன்டர்சிட்டி மத்தியானம் ஒரு மணி வாக்குல அங்க வரும். அதுல வில்லாவுல இருந்து மெசினா சென்ட்ரல் வரைக்கும் மட்டும் டிக்கெட் எடுத்துக்கங்க. பிரிக்கறது, ஏத்தறது, கடல் தாண்டறது, மறுபடி கோக்கறதுன்னு எல்லாம் முடிஞ்சு ரெண்டு மணி நேரம்னு வச்சுக்கங்க, மூணு மூணரைக்கு மெசினாவுல இறங்கிடலாம். உங்க தேதிக்கு டைம் மட்டும் கண்டிப்பா பாத்துக்கங்க, சீசனுக்கு சீசன் மாறும்.

கரையோரம்:

மிலான் தம்பி சொன்ன பிளான் அருமை, ஆனா நான் ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும்.

நாங்க ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆகஸ்ட்ல இதே மெசினா ஸ்டாப்ல சொந்தமா தவோர்மினா போனோம். ரயில்ல முக்கால் மணி நேரம் தான், கடலோரமாவே போகுது, ஸ்டேஷனும் பழைய காலத்து வேலைப்பாட்டோட கொள்ள அழகு. ஆனா ஸ்டேஷன் கீழ கடல் மட்டத்துல, ஊர் 200 மீட்டர் மேல மலையில, நடுவுல வளைஞ்சு வளைஞ்சு பஸ் போகணும். திரும்பறப்ப ரெண்டு பஸ் நிரம்பி நிக்காமலே போயிடுச்சு, கீழ வந்து சேர்றதுக்குள்ள எங்க ரயில் போயிடுச்சு, கடைசியில டாக்ஸிய பிடிச்சு 50 கிலோமீட்டர் வந்து கேட் மூட 10 நிமிஷம் இருக்கறப்ப ஏறினோம். என் மாமியார் அந்த டாக்ஸியில அழுதுட்டாங்க, எனக்கு இன்னைக்கும் அத நெனச்சா வயித்த கலக்குது. கப்பல்காரங்க நடத்தற டூர்ல போனா அவங்க பஸ் லேட்டானாலும் பொதுவா கப்பல் காத்திருக்கும், நாமளா போனா காத்திருக்காது. இது நீங்க பண்ற ரயில் பிளானுக்கும் பொருந்தும்.

அதனால வீட்டுக்காரரும் பசங்களும் தவோர்மினாவ கப்பல் டூர்லயே போகட்டும், இல்லன்னா அம்மாவோட மெசினாவுலயே இருக்கட்டும். நான் சொன்னா ரெண்டாவது தான் சொல்வேன். க்ரூஸ் கப்பல் ஊர் நடுவுலயே வந்து நிக்குது, கேட்ட தாண்டி சமதரையில 10 நிமிஷம் மெதுவா நடந்தா கதீட்ரல். அதோட மணிக்கூண்டுல 1933ல ஸ்ட்ராஸ்பர்க் கம்பெனி ஒண்ணு செஞ்சு வச்ச கடிகாரம் இருக்கு, டாண்ணு 12 மணிக்கு மேல இருக்கற தங்க நிற சிங்கம் தலைய ஆட்டி மூணு தடவ கர்ஜிக்கும், அப்பறம் சேவல் ரெக்கைய அடிச்சு கூவும், ரெண்டு பொம்பள சிலைங்க மணி அடிக்கும். அவங்க டீனா, கிளாரென்சா, 1282ல ஊர எதிரி முற்றுகை போட்டப்ப ராத்திரி பாத்து மணியடிச்சு எழுப்பி விட்டவங்கன்னு கதை. 10 நிமிஷத்துக்கு மேல நடக்கும், பசங்க அசந்து போவாங்க. சதுக்கத்த சுத்தி காபி கடைங்க இருக்கு, அம்மாவ 11.40க்கே நெழல் பாத்து உக்கார வச்சிடுங்க.

ஊர பாத்தா பழைய கட்டடமே அதிகம் இருக்காது, ஏன்னு யோசிக்காதீங்க. 1908 டிசம்பர் 28 விடியக்காலை வந்த நிலநடுக்கத்துலயும் அத தொடர்ந்து வந்த சுனாமியிலயும் ஊரே தரைமட்டம், பல்லாயிரக்கணக்குல ஜனங்க செத்தாங்க. திரும்ப கட்டறப்ப தெருவ அகலமா, வீட்ட குட்டையா கட்டினாங்க. அந்த கதீட்ரலயும் திரும்ப கட்டி, 1943ல குண்டு விழுந்து எரிஞ்சு, மறுபடியும் கட்டியிருக்காங்க.

பழைய எழும்பூர்:

மகளே, உன் அப்பா கேட்ட கேள்விய படிச்சதும் எனக்கு எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு. எனக்கு 71 வயசு. எங்க அப்பா கொழும்புல கடை வச்சிருந்தார். போட் மெயில்ல எழும்பூர்ல ஏறினா தனுஷ்கோடி, அங்க பெட்டி படுக்கையோட இறங்கி ஸ்டீமர்ல ஏறி தலைமன்னார், மறுபடி அங்க ரயில் ஏறி கொழும்பு. இர்வின், கோஷன்னு ரெண்டு ஸ்டீமர் பேர எங்க வீட்ல சொந்தக்காரங்க பேர் மாதிரி சொல்வாங்க. 1914ல பாம்பன் பாலத்தோட ஆரம்பிச்சது 1964 டிசம்பர் புயலோட போச்சு. நம்ம பக்கம் ஆள் தான் இறங்கி ஏறினோம், ரயில் கரையிலயே நின்னுடும். அங்க கோச்சே தாண்டுதுன்னா ஒரு ரயில்வேக்காரர் அத பாக்க ஆசப்படாம இருப்பாரா? கட்டாயம் கூட்டிட்டு போ. தவோர்மினா எங்கயும் ஓடிடாது.

மெசினாவுக்கு பாலம் கட்டப் போறதா பல காலமா பேச்சு நடக்குது. ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல தொங்கற பகுதி மட்டும் 3,300 மீட்டர் வர்ற தொங்கு பாலம், 2025 ஆகஸ்ட்ல அரசாங்கம் ஒப்புதல் குடுத்துது, அக்டோபர்ல அவங்க தணிக்கை நீதிமன்றம் ஏத்துக்க மாட்டேன்னுடுச்சு. என்னைக்காவது அது வந்துட்டா கப்பல்ல ரயில் ஏறறது இருக்காது.

பொன்மலை பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ஐயா, உங்க பதில அப்பாகிட்ட படிச்சு காட்டினேன், திரும்ப ஒரு தடவ படின்னார்.

பிளான் இப்ப இது தான்: நானும் அப்பாவும் ரயில், வீட்டுக்காரர் பசங்களோட அம்மாவ கூட்டிட்டு 12 மணி சிங்கம். பயம் ஒண்ணு தான், ரோம்ல இருந்து வர்ற ரயில் லேட்டானா என்ன பண்றது? அப்பறம் அம்மா சுத்த சைவம், அங்க என்ன சாப்பிடலாம்?

மிலான் வாசி:

ரயில் எங்க வருதுன்னு லைவா காட்ட வியாஜ்ஜாத்ரேனோன்னு ஒரு வெப்சைட் இருக்கு அக்கா, ரயில் நம்பர் போட்டா எத்தன நிமிஷம் லேட்டுன்னு காட்டும். காலையில 11 மணிக்கு பாருங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா அந்த டிக்கெட்ட மறந்துடுங்க, வேக போட்லயே திரும்பிடுங்க, அப்பவும் வில்லாவுல வேற கோச் ஏத்தறது கண்ல படலாம். ஒருவேளை எதுவுமே அமையலன்னா உங்க க்ரூஸ் கப்பலோட மேல் டெக்குக்கு போங்க, மெசினா துறைமுகம் கதிர் அரிவாள் மாதிரி வளைஞ்சது, பழைய கிரேக்கப் பேரே அரிவாள்னு தான் அர்த்தம், ரயில் கப்பல் வந்து ஒட்டற இடமும் அதே வளைவுக்குள்ள தான் இருக்கு. அப்பறம் ஸ்ட்ரைக் இருக்கான்னு ஒரு வாரம் முன்னாடியே பாருங்க, இங்க ஸ்ட்ரைக் தேதிய முன்கூட்டியே அறிவிச்சிடுவாங்க.

கரையோரம்:

சாப்பாடு நான் சொல்றேன். காலையில கிரானிதா வாங்கிக் குடுங்க, அது ஐஸ் துருவல் மாதிரி இருக்கும், காபி கிரானிதா மேல க்ரீம் போட்டு கூட ஒரு பன் தருவாங்க, மெசினாக்காரங்களுக்கு அது தான் காலை டிபன். அரிசி உருண்டைய பொரிச்சு தர்ற அரன்சினோவுல கறி தான் சகஜம், ஆனா பசலக்கீரை, கத்திரிக்காய் வச்சதும் இருக்கும், கேட்டு வாங்குங்க. ஃபொக்காச்சா மெசினேசேன்னு அந்த ஊர் தட்டை ரொட்டி, பாக்க கீரையும் சீஸும் தக்காளியும் தான் தெரியும், ஆனா உள்ள நெத்திலி மாதிரி உப்பு மீன் வச்சிருப்பாங்க, பிதோனின்னு பொரிச்சு தர்ற சோமாசி மாதிரி ஒண்ணு இருக்கு, அதுலயும் அதே தான். "சென்சா அச்சூகே"ன்னு சொல்லுங்க, அந்த நெத்திலி மீன் இல்லாமன்னு அர்த்தம்.

பொன்மலை பொண்ணு:

போயிட்டு வந்தாச்சு!! வந்து ரெண்டு நாள் ஆகுது, இத எழுதாம வேற வேல ஓடல.

ரயில் 25 நிமிஷம் லேட்டு, அவ்ளோ தான். வில்லா பிளாட்பாரத்துல இன்ஜின் கழட்டறப்ப அப்பா என் கைய பிடிச்சு இழுத்துட்டு போய் பக்கத்துல நின்னுட்டார். ஆரஞ்சு கலர் சட்ட போட்ட ஒருத்தர் பஃபருக்கு நடுவுல குனிஞ்சு உள்ள போனார், அப்பா மெதுவா சொல்லிட்டே இருந்தார், "முதல்ல காத்த அடைப்பான், இப்ப ஹோஸ் கழட்டுவான், அப்பறம் ஸ்க்ரூவ லூஸ் பண்ணுவான், இப்ப கொக்கிய தூக்குவான்." ஒண்ணு கூட தப்பல. நம்ம பழைய ஐசிஎஃப் கோச்சுல இருக்கற அதே ஸ்க்ரூ கப்ளிங் தானாம். அந்த ஆள் வெளிய வந்து நிமிந்து பாத்தார், அப்பா தன் நெஞ்ச தொட்டு "ரயில்வே, இண்டியா"ன்னார். அவர் கையில கிரீஸ் இருந்ததால முழங்கைய நீட்டினார், அப்பாவும் முழங்கையால தொட்டார்.

கப்பலுக்குள்ள போனதும் எல்லாரும் மேல் டெக்குக்கு படியேறிட்டாங்க, அப்பா மட்டும் கோச்சுக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவுல இருக்கற சின்ன இடத்துல நின்னு தண்டவாளத்த பாத்துட்டு இருந்தார். செருப்ப கழட்டி காலால அளந்து பாத்து "நம்ம பிராட் கேஜ் அகலம் இல்ல, ஆனா வேல சுத்தம்"னார். நான் தான் வாங்கப்பா கடல பாக்கலாம்னு மேல கூட்டிட்டு போனேன், துறைமுக வாசல்ல பெரிய தூண் மேல தங்க மாதா சிலை வர்றப்ப தான் சரியா வெளிய வந்தோம்.

3.20க்கு மெசினா சென்ட்ரல், 4 மணிக்கு எங்க கப்பல். அம்மா சிங்கம் கர்ஜிச்சத வீடியோ எடுத்து வச்சிருந்தாங்க, கிரானிதா ரெண்டு சாப்பிட்டாங்களாம்.

அடுத்து போறவங்களுக்கு ஒண்ணு, கப்பலுக்குள்ள கோச்சுல இருந்து டெக்குக்கு போற படி செங்குத்து, முட்டி வலி இருக்கறவங்க சீட்டுலயே இருந்துடுங்க. அப்பறம் ஐயா, அப்பா உங்கள கேக்க சொன்னார்: தனுஷ்கோடியில ஸ்டீமர் கிட்ட ரயில் எவ்ளோ தூரம் வரைக்கும் போகும், கடலுக்குள்ள நீட்டி கட்டின பியர் மேலயே போகுமா, இல்ல மணல்ல நடக்கணுமா?